தமிழ் ஒற்றர் படங்களும் 1986-இன் ‘விக்ரம்’மும்

1986 மே 29 அன்று வெளியான ‘விக்ரம்’, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவான முதல் தமிழ்ப் படம் என்று அந்நாளில் பேசப்பட்டது. கமல்ஹாசனின் ராஜ்கமல் நிறுவனத் தயாரிப்பு, ராஜசேகர் இயக்கம், சுஜாதாவின் எழுத்து, இளையராஜாவின் இசை. இந்தியிலிருந்து டிம்பிள் கபாடியாவும் அம்ஜத் கானும் வந்து நடித்திருந்தார்கள். இத்தனை பேர் கூடியும் படம் எதிர்பார்த்த உயரத்தைத் தொடவில்லை. அடுத்த ஆண்டே ‘நாயகன்’ வந்தது. கமலின் நல்ல படங்களை எண்ணுகிறவர்கள் ‘விக்ரம்’ பக்கம் அதிகம் திரும்பவில்லை. 36 ஆண்டுகள் கழித்து அதே பெயரில், அதே ஒற்றனின் பெயரைச் சுமந்து இன்னொரு படம் வந்து பெருவெற்றி கண்டது. பழைய படத்தை எடுத்து வைத்துப் பார்த்து, அன்று இதைச் சரியாக மதிக்கவில்லை என்று சொல்லும் ரசிகர்கள் அதன்பின் பெருகினார்கள். இந்த மறுமதிப்பீடு படத்தின் எந்தப் பகுதிக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பிரித்துப் பார்க்க, தமிழில் ஒற்றன் கதை வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒற்றன் தமிழுக்குப் புதியவன் அல்லன். திருக்குறளில் 59ஆம் அதிகாரம் முழுவதும் ஒற்றாடல். துறவி வேடம் பூண்டு போகச் சொல்கிறது. ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி மூவரை அனுப்பி, மூவர் சொல்லும் ஒத்துவந்தால் மட்டும் நம்பச் சொல்கிறது. அதாவது தமிழ் மரபில் ஒற்றனுடைய முதல் கருவி வேடம். ஆயுதம் அதற்குப் பிறகுதான்.

நவீனத் தமிழில் இந்த மரபை மக்கள் மனத்தில் ஊன்றிய கதைக்குக் களம் காஞ்சிபுரம். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது. அதைக் காதல் கதையாகவும் கலைக் கதையாகவும் படிப்பவர்கள் உண்டு. எலும்புக்கூட்டைப் பார்த்தால் அது ஓர் ஒற்றர் கதை. புத்த பிட்சுவின் காவி உடையில் நாகநந்தி காஞ்சிக்குள் உலவுகிறார். அவர் வாதாபிக்கு வேலை செய்பவர், அந்நாட்டு மன்னன் புலிகேசியின் உருவத்தை அப்படியே கொண்ட உடன்பிறப்பு. பல்லவர் பக்கத்தில் சத்ருக்னன் ஒற்றர் படைத் தலைவன். அவனுடைய ஆள் குண்டோதரன், ஆயனச் சிற்பியின் வீட்டில் சீடனாகவே தங்கி வேவு பார்க்கிறான். மன்னர் மகேந்திரவர்மரும் சும்மா இருப்பதில்லை. வஜ்ரபாகு என்ற பெயரில் வழிப்போக்கனாக இளைஞன் பரஞ்சோதியுடன் சேர்ந்துகொள்கிறார். நாகநந்தி கொடுத்தனுப்பிய ஓலை பரஞ்சோதியிடம் இருக்கிறது. இரவில் சத்திரத்தில் இளைஞன் அசந்து தூங்கும்போது அந்த ஓலை எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் வேறோர் ஓலை வைக்கப்படுகிறது. மறுநாள் காலை தன்னிடம் இருப்பது பழைய ஓலைதான் என்று நம்பிக்கொண்டு அவன் குதிரை ஏறுகிறான். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஓர் ஓலை இடம் மாறியதில் ஒரு போரின் போக்கு மாறுகிறது. தமிழில் எழுதப்பட்ட ஒற்றர் காட்சிகளில் இதற்கு இணையானவை மிகக் குறைவு.

பட்டுத் தறிகளும் கோயில்களும் சூழ்ந்த அந்த ஊர் சினிமாவுக்கு எழுத்தாளர்களையும் தந்தது. 1909இல் அங்கே பிறந்த அண்ணாதுரையின் எழுத்தில் 1949இல் ‘நல்லதம்பி’, ‘வேலைக்காரி’ ஆகிய படங்கள் வந்தன. ‘வேலைக்காரி’யிலும் நாயகன் வேறொருவனாக நடித்துத்தான் எதிரியின் வீட்டுக்குள் நுழைகிறான். ஆள் மாறாட்டம் சமூகக் கதைக்குள்ளும் வேலை செய்தது. கோட்டும் துப்பாக்கியுமாக ஜேம்ஸ்பாண்ட் வந்து சேர்ந்தபோது தமிழ் ரசிகரிடம் ஏற்கெனவே ஒரு ஒற்றன் இருந்தான். வந்தவன் அவனோடு பொருந்த வேண்டியிருந்தது.

பாண்ட் வரிசையின் முதல் படம் ‘டாக்டர் நோ’ 1962இல் வந்தது. சில ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவின் நான்கு மொழிகளிலும் அதன் நிழல் விழுந்தது. தமிழில் அதை முதலில் பற்றிக்கொண்டது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். நிறுவனர் டி.ஆர். சுந்தரம் 1963இல் மறைந்தபின் மகன் ஆர். சுந்தரம் பொறுப்பேற்றிருந்த காலம். 1965இல் ‘இரவும் பகலும்’ மூலம் அறிமுகமான ஜெய்சங்கரை வைத்து 1966இல் ‘வல்லவன் ஒருவன்’ எடுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படம் வருகிறதோ என்று தோன்றும் வேகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர் ஜெய்சங்கர். ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்ற பட்டம் இந்த வகைப் படங்களால்தான் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

அந்தப் பட்டத்தில் சிறு தவறு உண்டு. ‘வல்லவன் ஒருவன்’ தழுவியது பாண்ட் படத்தை அல்ல, பிரெஞ்சு ‘ஓ.எஸ்.எஸ். 117’ வரிசையில் வந்த ஒரு படத்தை. ஜான் புரூஸ் எழுதிய அந்த நாவல் வரிசை 1949இலேயே தொடங்கிவிட்டது. இயான் ஃபிளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் வந்ததோ 1953இல். ஆகவே சேலத்து சி.ஐ.டி. பாண்டுக்குத் தம்பி முறை ஆகமாட்டார். பாண்டுக்கு மூத்தவரான ஒரு பிரெஞ்சுக்காரரின் வாரிசு. சிக்கனமாக எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் இவை. சுழலும் கதவு, நிலவறை, சிவப்பு விளக்கு எரியும் இயந்திரம், கடைசிச் சண்டையில் வெடித்துச் சிதறும் கொள்ளைக்கூட்டத்தின் இருப்பிடம் என்று ஒரு வாய்பாடு உருவானது. வேதாவின் இசை அவற்றை நிமிர்த்தி நிறுத்தியது. எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ இன்றும் மேடைக் கச்சேரிகளில் ஒலிக்கிறது. பாட்டைக் கேட்டு மகிழ்கிறவர்களில் பலருக்குப் படத்தின் பெயர் நினைவில் இருக்காது. 1970இல் வந்த ‘சி.ஐ.டி. சங்கர்’ நடிகை சகுந்தலாவின் பெயருக்கு முன்னால் ‘சி.ஐ.டி.’ என்ற அடைமொழியை நிரந்தரமாக வைத்துவிட்டது.

பெரிய நடிகர்களும் இந்த அலையில் இறங்கினார்கள். பி.ஆர். பந்துலு இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த ‘ரகசிய போலீஸ் 115’ 1968 பொங்கலை ஒட்டி வந்தது. டி.ஆர். ராமண்ணாவின் ‘தங்கச் சுரங்க’த்தில் (1969) சிவாஜி துப்பறியும் அதிகாரி. இரண்டிலும் நடிகரின் பிம்பமே மேலோங்கி நிற்கிறது. ஒற்றன் அவர்கள் அணிந்த இன்னொரு வேடம். எம்.ஜி.ஆர். ரசிகருக்கு மாறுவேடக் காட்சி ஒரு விருந்து. ஒட்டுத்தாடிக்குள் இருப்பது யார் என்று முதல் நொடியிலேயே தெரியும், எதிரிக்கு மட்டும் தெரியாது. கொட்டகை கைதட்டுவது அந்த இடைவெளியில்தான்.

பக்கத்து மொழிகளில் இது தொடர் வரிசைகளாகவே வளர்ந்தது. தெலுங்கில் கிருஷ்ணாவின் ‘கூடாச்சாரி 116’ (1966) வந்து, அதுவே இந்தியில் ஜிதேந்திராவின் ‘ஃபர்ஸ்’ (1967) ஆனது. மலையாளத்தில் பி. வேணு, பிரேம் நசீரை வைத்து ‘சி.ஐ.டி. நசீர்’ (1971) முதலாக மூன்று படங்கள் எடுத்தார். கன்னடத்தில் ராஜ்குமாரின் ‘சி.ஐ.டி. 999’ நான்கு படங்கள் வரை போனது. தமிழில் மட்டும் ஒரே பெயரும் ஒரே எண்ணும் கொண்ட நிலையான வரிசை அமையவில்லை. படந்தோறும் ஒரு புது சங்கர், ஒரு புது ராஜன். ரசிகருக்கு ஜெய்சங்கர்தான் வரிசை. 1986இல் கமல் செய்ய நினைத்தது இந்தக் குறையை நிரப்புவது என்று சொல்லலாம். நாயகனின் பெயரையே படத்துக்கு வைத்து, அந்தப் பெயரையே பாட்டாக்கி, தமிழனுக்கென்று ஓர் ஒற்றனை நிலைநிறுத்தும் முயற்சி அது.

படம் உருவான விதத்திலேயே ஒரு புதுமை இருந்தது. சுஜாதா அந்தக் கதையைக் குமுதத்தில் தொடராக எழுதினார். வழக்கமாக ஓவியர் வரையும் இடத்தில் படப்பிடிப்பின் புகைப்படங்கள் அச்சாயின. வாசகர் கதையைப் படிக்கும்போதே விக்ரமின் முகம் இன்னது என்று தீர்மானமாகிவிட்டது. படத்துக்கு முன்பே கதை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. விளம்பரமாகப் பார்த்தால் அபாரமான யோசனை. ஆனால் சுஜாதாவின் தொடரைப் படிக்கிறவர் மனத்தில் ஓடும் படத்துக்குச் செலவுக் கணக்கு கிடையாது. அந்தப் படத்தோடு திரைப்படம் போட்டியிட வேண்டியதாயிற்று.

கதை எளிது. ‘அக்னிபுத்ரா’ என்ற ஏவுகணையைச் சுகிர்தராஜா என்பவன் கடத்திவிடுகிறான். அதை மீட்கும் பணி விக்ரமுக்கு வருகிறது. அவனைக் குறிவைத்த தாக்குதலில் மனைவி (அம்பிகா) பலியாகிறாள். ஏவுகணையின் கணினி அமைப்பை அறிந்த ப்ரீத்தியோடு (லிஸி) சலாமியா என்னும் கற்பனை நாட்டுக்கு விக்ரம் போகிறான். அங்கே ஒரு மன்னர் (அம்ஜத் கான்), ஓர் இளவரசி (டிம்பிள் கபாடியா), ஜனகராஜின் நகைச்சுவை, அரண்மனைச் சூழ்ச்சி.

முதல் பகுதியைத் தமிழ் ஒற்றர் படங்களுக்குள் வைத்துப் பார்த்தால் அதன் தனித்தன்மை தெரியும். சாருஹாசன் நடித்த மேலதிகாரி ஒரு அலுவலகத்து மனிதர். கோப்பும் பொறுப்பும் அவர் பேச்சில் உண்டு. அதற்கு முன் வந்த சி.ஐ.டி.க்களின் மேலதிகாரிகள் பெரும்பாலும் மேசைக்குப் பின்னாலிருந்து கட்டளை சொல்லும் பொம்மைகள். சத்யராஜின் சுகிர்தராஜா இன்னொரு சாதனை. முந்தைய ஆண்டு இதே ராஜசேகரின் ‘காக்கி சட்டை’யில் ‘தகடு தகடு’ என்று ஊரையே பேசவைத்தவர், இங்கே அந்த அலட்சியக் கிண்டலை இன்னும் குளிர வைத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும்விட முக்கியம் மனைவியின் சாவு. ஜெய்சங்கரின் சி.ஐ.டி.க்கு வீடு கிடையாது. இழக்க ஒன்றும் கிடையாது. விக்ரமுக்கு வீடு இருக்கிறது. அந்த வீடு போன பிறகே கதை நகர்கிறது.

இங்கே பாண்ட் வரிசையின் ஒரு படத்தை ஒப்பிடாமல் இருக்க முடியாது. 1969இல் வந்த ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ அந்த வரிசையில் ஆறாவது. ஷான் கானரி விலகியதால், நடிப்பு அனுபவம் இல்லாத ஆஸ்திரேலிய விளம்பர மாடல் ஜார்ஜ் லேசன்பி பாண்டாக வந்தார். அந்த ஒரே படத்தோடு போனார். அதுவரை படத்தொகுப்பாளராக இருந்த பீட்டர் ஹன்ட் இயக்கினார். அதில் பாண்ட் திருமணம் செய்துகொள்கிறான். மணக்கோலம் கலையும் முன்பே மனைவி (டயானா ரிக்) சுட்டுக் கொல்லப்படுகிறாள். படம் அந்த இடத்தில் முடிகிறது. கானரியைத் தேடி வந்தவர்களுக்கு அன்று அது ஏமாற்றம். பல பத்தாண்டுகளில் அதே முடிவுதான் அந்தப் படத்தை வரிசையின் உச்சிக்கு அருகே கொண்டுபோனது. தனக்கு மிகப் பிடித்த பாண்ட் படம் அதுதான் என்று கிறிஸ்டோபர் நோலன் சொல்லியிருக்கிறார். 2021இல் வந்த 25ஆம் படமான ‘நோ டைம் டு டை’, அந்த 1969 படத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய பாட்டையே எடுத்துக் கையாண்டது.

இரண்டு படங்களிலும் ஒற்றனின் மனைவி கொல்லப்படுகிறாள். ஆனால் பாண்ட் படத்தில் அது கடைசிக் காட்சி. அதற்குப் பிறகு ஒன்றும் வந்து துக்கத்தைக் கலைப்பதில்லை. ‘விக்ரம்’மில் அது தொடக்கம். மிச்சப் படம் முழுவதும் அந்தத் துக்கத்தைச் சுமந்திருக்க வேண்டும். சலாமியாவுக்குள் நுழைந்ததும் அது கழன்று விழுந்துவிடுகிறது. இளவரசியின் காதல், ப்ரீத்தியின் பொறாமை, பாட்டு என்று கதை வேறொரு தடத்தில் ஓடுகிறது. சில வாரங்களுக்கு முன் மனைவியைப் பறிகொடுத்தவன் இவன்தானா என்று பார்ப்பவர் கேட்க வேண்டியதில்லை, படமே மறந்துவிட்டது.

காஞ்சிபுரத்து நெசவில் கரையும் உடலும் வேறு நிறமாக இருந்தால் கோர்வை போடுவார்கள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, பக்கத்தில் ஒத்தாசைக்கு ஒரு ஆள். குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். சேர்ந்த இடம் பல் பல்லாகத் தெரியும், இழுத்தால் பிரியாது. நிறம் எவ்வளவு முரணாக இருக்கிறதோ அவ்வளவு எடுப்பு. ‘விக்ரம்’மில் நிற முரண் இருக்கிறது: இங்கே ஏவுகணையும் கணினியும், அங்கே அரண்மனையும் ராஜகுருவும். இரண்டையும் பற்றவைக்க வேண்டிய நூல் மனைவியின் சாவு. அந்த நூல் எல்லையில் அறுந்துவிட்டது. சலாமியா தன்னளவில் மோசமான கற்பனை அல்ல. அம்புலிமாமா வாசகர் எவருக்கும் பிடிக்கக்கூடிய நாடுதான். முதல் பாதியோடு அது கோக்கப்படவில்லை என்பதே குறை. 1986இல் பார்த்தவர்கள் சொன்ன குறையும் இதுதான். 36 ஆண்டுகள் அந்தக் குறையை மாற்றிவிடவில்லை.

மறுமதிப்பீடு செய்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் ‘காலத்தை முந்திய படம்’. அதைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணினி என்பது 1986இல் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கண்ணால் பார்த்திராத பொருள். சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்குள்ளவர். ஆகவே படத்தில் வரும் கணினிப் பேச்சுக்கு ஒரு அடித்தளம் இருந்தது, முந்தைய சி.ஐ.டி. படங்களில் மின்னும் விளக்குகளைப் போல் வெறும் ஜோடனையாக அது நின்றுவிடவில்லை. ஏவுகணை விஷயத்திலும் அப்படியே. அப்துல் கலாம் தலைமையில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் 1983இல் தொடங்கிவிட்டது. அதன் ஐந்து ஏவுகணைகளில் ஒன்று அக்னி. அந்த அக்னி முதன்முதலாக 1989 மே 22 அன்று சண்டிப்பூரிலிருந்து பறந்தது, படம் வந்து மூன்றாண்டு கழித்து. ‘அக்னிபுத்ரா’வை ஜோதிடமாகக் காட்டுவது மிகை. நாட்டில் நடந்துகொண்டிருந்ததைக் கூர்ந்து கவனித்த ஒருவர் எழுதியது அது. 1985 ஜனவரியில் பிரதமர் அலுவலகம் வரை எட்டிய ஓர் உளவு வழக்கு டெல்லியை உலுக்கியிருந்தது. அரசு ரகசியம் விலைபோவது செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம். எனவே ‘விக்ரம்’ தன் காலத்தோடு மிக நெருக்கமாக இருந்தது என்பதே சரி. சினிமா பார்க்கும் பழக்கம்தான் கொஞ்சம் பின்தங்கி வந்தது.

கணினி அந்நியம் என்பதும் முழு உண்மை அல்ல. ஜக்கார்டு பெட்டி பொருத்திய எந்தத் தறியிலும் தலைக்கு மேல் துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோத்துத் தொங்கும். கால் மிதிக்கும்போது ஓர் அட்டை திரும்பும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், இல்லாத இடத்தில் தள்ளப்படும். அதற்கேற்பப் பாவு நூல் எழும்பும் அல்லது கிடக்கும். ஆம், இல்லை என்ற இரண்டே விடைகளில் ஓர் அன்னமும் ஒரு யாளியும் கரையில் முளைக்கும். பிரான்சில் 1804 வாக்கில் ஜக்கார்டு உண்டாக்கிய இந்த அட்டைமுறையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை வைக்கத் திட்டமிட்டார். இன்று அதே காஞ்சிபுரத்தில் வடிவத்தைக் கணினியில் வரைந்து அட்டையில் துளையிடுகிறார்கள்.

படத்தின் தலைப்புப் பாட்டில் கேட்பதும் இப்படி ஓர் இயந்திர ஒழுங்குதான். மின்னணுக் கருவிகளின் ஒரே சீரான தாளம். அதன்மேல் கமலின் குரல், நாயகனின் பெயரை அடுத்தடுத்து இரண்டு முறை உச்சரிக்கிறது. குரலுக்கும் இயந்திர ஒலிக்கும் நடுவே இருந்த வேலி கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. அதே ஆண்டின் இறுதியில் ‘புன்னகை மன்னன்’ கருவியிசையில் இளையராஜா இந்த வழியை மேலும் விரித்தார். தமிழ் ஒற்றனுக்கென்று தனி ஒலி கிடைத்தது ‘விக்ரம்’மில்தான். வேதா காலத்துச் சி.ஐ.டி.க்களுக்கு நல்ல பாட்டுகள் இருந்தன. அடையாள ஒலி இருந்ததில்லை.

படம் ஏன் அன்று நிற்கவில்லை என்பதற்குக் கதையின் குறை ஒரு பாதி. மறுபாதி வியாபாரம். செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு சேர்ந்த என்.எஸ்.சி. ஏரியா போன்ற விநியோக வட்டாரங்களைக் கணக்கிட்டுத்தான் ஒரு படத்தின் விதி எழுதப்படும். செங்கல்பட்டு மாவட்டத்தில் அப்போது சேர்ந்திருந்த காஞ்சிபுரம் அந்த ஏரியாவில் ஓர் ஊர். விநியோகஸ்தர் மொழியில் சொன்னால், பெருநகரங்களான ஏ சென்டரில் ரசிக்கப்படும் படம் சிறு ஊர்களான பி, சி சென்டரில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டால்தான் போட்ட பணம் வரும். திரும்ப வரவைப்பது அம்மா, தங்கை, ஊர்ப் பகை, நகைச்சுவைத் தனித்தடம் என்ற வழக்கமான சரக்கு. ‘விக்ரம்’ முதல் பாதியில் அதைக் கொடுக்கவில்லை. இரண்டாம் பாதியில் கொடுக்க முயன்று முதல் பாதியை ரசித்தவர்களை இழந்தது. ஒரு கோடி செலவு செய்தவருக்கு அந்த அச்சம் வந்ததைக் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அச்சம் திரையில் தெரிகிறது.

தோற்ற படங்கள் அப்போதெல்லாம் மறைந்துபோகும். ‘விக்ரம்’மைக் காப்பாற்றியவை பாட்டுகள். ‘மீண்டும் மீண்டும் வா’, ‘வனிதாமணி’, ‘என் ஜோடி மஞ்சக்குருவி’ வானொலியிலும் ஒலிநாடாவிலும் ஓடிக்கொண்டே இருந்தன. 1990களில் தனியார் தொலைக்காட்சிகள் வந்து பழைய படங்களைப் பகலிரவாகப் போட்டன. அடுத்த தலைமுறை படத்தை அரைகுறையாக, நடுவிலிருந்து, திரும்பத் திரும்பப் பார்த்தது. அப்படிப் பார்ப்பதில் ‘விக்ரம்’மின் குறை மறைகிறது. கோர்வை அறுந்த இடம் கண்ணில் படாது. துண்டுகள் தனித்தனியே மின்னும். மறுமதிப்பீட்டின் வேர் இந்த அரைகுறைப் பார்வையில் இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

கன்னடத்து சி.ஐ.டி. 999-க்கு நடந்ததும் இதுவே. துரை–பகவான் இணை 1968இல் ‘ஜேடர பலே’யில் தொடங்கி, நான்காவதாக 1978இல் ‘ஆபரேஷன் டைமண்ட் ராக்கெட்’ எடுத்தது. முந்தைய மூன்று படங்களுக்கும் இதற்கும் நடுவே ஒன்பதாண்டு இடைவெளி. இளையராஜாவின் குருநாதர்களில் ஒருவரான ஜி.கே. வெங்கடேஷ் இசையில் ராஜ்குமார் சொந்தக் குரலில் ஆங்கிலத்திலேயே ஒரு பாட்டுப் பாடினார். ‘இஃப் யூ கம் டுடே’ என்று தொடங்கும் அந்தப் பாட்டு, படம் வந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் கன்னடம் தெரியாதவர் வாயிலும் புழங்கியது. சிரித்துக்கொண்டே பாடத் தொடங்கியவர்களில் சிலர் படத்தைத் தேடிப் பார்த்தார்கள். வரிசையில் பின்தங்கிய படத்துக்கு ஒரு பாட்டு வாசல் திறந்துவிட்டது.

கமலும் ஒற்றனை விட்டுவிடவில்லை. 1989இல் ‘வெற்றி விழா’: ராபர்ட் லட்லமின் ‘தி போர்ன் ஐடென்டிட்டி’யைத் தழுவிய, நினைவிழந்தவனின் கதை. 2013இல் ‘விஸ்வரூபம்’; அதில் நடன ஆசிரியரின் நளினத்துக்குள் ஒற்றன் மறைந்திருந்தான். குறளும் கல்கியும் சொன்ன வேடம் அங்கே திரும்பி வந்தது. 2020 நவம்பர் 7, கமலின் பிறந்தநாளில் லோகேஷ் கனகராஜ் தன் படத்தின் பெயரை அறிவித்தார்: மீண்டும் ‘விக்ரம்’. 2022 ஜூன் 3 அன்று அது வெளியானது.

புதிய படத்தின் ஒற்றர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதில்தான் பழைய படத்தின் மீதான மறுபார்வைக்கு விளக்கம் கிடைக்கிறது. வீட்டு வேலை செய்யும் நடுவயதுப் பெண் திடீரென்று ஏஜென்ட் டினாவாகிறார் (வசந்தி). பாத்திரம் விளக்கிய கை அடியாட்களை அடித்து வீழ்த்துகிறது. ஆயனர் வீட்டுக் குண்டோதரனுக்கு அவர் தூரத்து உறவு. மகனை இழந்த தந்தையின் துக்கமும் பேரக்குழந்தையைக் காக்கும் பதற்றமும் கடைசிக் காட்சி வரை கதையை இழுத்துப் போகின்றன. நடுவில் ஒரு சலாமியா வந்து அதைக் கலைப்பதில்லை. 1986இல் அறுந்த நூல் 2022இல் சேர்த்துக் கட்டப்பட்டது. அதைப் பார்த்துவிட்டுப் பழைய படத்துக்குப் போகிறவர், அம்பிகாவின் சாவில் பின்னால் வரப்போகும் கனத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். படம் கொடுக்காததைப் பார்ப்பவர் கொடுக்கிறார். ரசிகருக்கு அந்த உரிமை உண்டு. மதிப்பீடு எழுதுகிறவர் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

கலக்காமல் பார்த்தால் கணக்கு இப்படி வரும். முதல் ஒரு மணி நேரம், சத்யராஜ், சுஜாதாவின் வசனத்திலுள்ள சிக்கனம், இளையராஜாவின் தலைப்பு இசை — இவை அன்று குறைத்து மதிக்கப்பட்டவைதான். இன்று கிடைக்கும் பாராட்டு தகும். சலாமியாப் பகுதி அன்று சொல்லப்பட்டபடியே இருக்கிறது. டிம்பிள் கபாடியா, அம்ஜத் கான் என்ற இரண்டு பெயர்களைக் கொண்டுவந்து அவர்களுக்கு எழுத்தில் ஒன்றும் கொடுக்காமல் விட்டது பெரிய விரயம். மொத்தப் படத்தையும் தலைசிறந்ததாக்குவது முதல் பாதியின் உண்மையான துணிவைக்கூடச் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும்.

2025 ஏப்ரல் 10 அன்று அஜித்குமாரின் ‘குட் பேட் அக்லி’ வந்தது. அனுமதியில்லாமல் தன் பாடல்கள் மூன்றைப் பயன்படுத்தியதாக இளையராஜா தரப்பிலிருந்து அறிவிப்பு போனது. 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்கப்பட்டது. மூன்றில் ஒன்று ‘என் ஜோடி மஞ்சக்குருவி’. 39 ஆண்டுகளுக்கு முன் கொட்டகையை விட்டுப் போன படத்தின் பாட்டு வழக்காகும் அளவுக்கு விலை பெற்றிருந்தது.

இந்த வெளிச்சம் ‘விக்ரம்’மோடு நிற்கிறது, அதற்கு முன்னால் வழிபோட்ட சேலத்துப் படங்கள் பக்கம் இன்னும் சரியாக விழவில்லை. சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) ஜெய்சங்கர் காலத்துக் குதிரைப் படங்களுக்கு அன்போடு ஒரு வணக்கம் வைத்தது. சி.ஐ.டி. படங்களுக்கு அப்படி ஒன்று வரவில்லை. ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ போன்றவை குறைந்த பணத்தில், உள்ளூர் அரங்குகளில், வாரக் கணக்கு வேகத்தில் எடுக்கப்பட்டவை. நிலவறைக் காட்சிகளில் விளக்கை ஓரமாக வைத்து அட்டைச் சுவரைக் கல்சுவராக்கியிருக்கும் திறமை இன்று பார்த்தாலும் வியப்பூட்டும். அவை எடுக்கப்பட்ட மாடர்ன் தியேட்டர்ஸில் இப்போது மிஞ்சியிருப்பது சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையோரத்து நுழைவு வளைவு மட்டும்.